கல்லூரிக்கு வெளியே ஒரு வகுப்பு: மான்செஸ்டர் வழக்கும் எங்கள் ஏழாவது விதியும்

வடமேற்கு லண்டனில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் நான் இருக்கிறேன். பள்ளிக்கூடக் கட்டடம் வாடகைக்கு எடுத்தது. காலையில் தமிழ், மதியத்துக்கு மேல் பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம், பரதம். குழுவில் யாரும் ஏற்க விரும்பாத பொறுப்பு ஒன்று உண்டு: சேஃப்கார்டிங், அதாவது பிள்ளைகளின் பாதுகாப்பு. ஒரு கூட்டத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். போய்ச் சேர்வதற்குள் அதை என் பெயரில் எழுதிவிட்டிருந்தார்கள்.

போன குளிர்காலத்தில் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: உங்கள் ஆசிரியர்கள் உங்கள் மாணவர்களுக்கு வளாகத்துக்கு வெளியே கற்பிக்கிறார்களா? ஆம் எனில் அதற்கான விதியை இணைக்கவும். 'ஆம்' என்பதில் சந்தேகமே இல்லை. எங்கள் சங்கீத வகுப்புகளில் பாதி நடப்பதே ஆசிரியர்களின் வீட்டில்தான். சனிக்கிழமை நாற்பது நிமிடம் பெயருக்கு. உண்மையான படிப்பு புதன் மாலையில் ஆசிரியர் வீட்டு முன்னறையில். விதி என்று கேட்டால் எங்களிடம் ஒரு வரிகூட இல்லை.

இந்த நாட்டின் இசைக் கல்லூரிகள் இதை எப்படிச் செய்கின்றன என்று பார்க்க உட்கார்ந்தேன். ஏறக்குறைய எல்லாரிடமும் ஒரே மாதிரி நிபந்தனைகள் இருந்தன. இவ்வளவு ஒத்துப்போகிறதென்றால் எல்லாரையும் ஒன்றாகப் பயமுறுத்திய ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும். நடந்தது மான்செஸ்டரில்.

அந்தப் பள்ளி

மான்செஸ்டர் விக்டோரியா ரயில் நிலையத்தின் பக்கத்திலேயே இருக்கிறது சீட்டம்ஸ் இசைப்பள்ளி. அதன் பழைய கற்கட்டடம் 1421இல் எழும்பியது. அங்குள்ள நூலகத்தில்தான் மார்க்ஸும் ஏங்கல்ஸும் உட்கார்ந்து படித்தார்கள் என்று சுற்றுலா வருபவர்களுக்கு அந்த மேசையைக் காட்டுவார்கள். 1969இல் அது இசைக்கென்றே ஆன பள்ளியாக மாறியது. 8 வயது முதல் 18 வயது வரை பிள்ளைகள்; பெரும்பாலானோர் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். ஊரின் இன்னொரு பக்கம், ஆக்ஸ்ஃபோர்ட் ரோட்டில், பெரியவர்களுக்கான ராயல் நார்தர்ன் காலேஜ் ஆஃப் மியூசிக். இரண்டுக்கும் நிர்வாகம் வேறு வேறு. ஆனால் கற்பிப்பவர்களில் பலர் இரண்டு இடத்திலும் கற்பித்தவர்கள். பள்ளியில் ஒருவரிடம் தொடங்கி, கல்லூரியிலும் அவரிடமே தொடர்ந்த பிள்ளைகள் உண்டு.

இதை நம்மவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. முதன்மைக் கருவியை ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்துதான் கற்பார்கள். வாரத்துக்கு ஒரு மணி, ஒன்றரை மணி. அந்த ஆசிரியரின் ஒரு வார்த்தையில்தான் கோடைகாலப் பயிற்சி முகாமில் இடம், நல்ல கருவி இரவல், அடுத்த கல்லூரிக்கான சிபாரிசு. போட்டிகளில் நடுவராக இருப்பவர் அவருடைய நண்பர். அவரைப் பகைத்துக்கொண்டு வேறு ஆசிரியரிடம் போனால் 'அவளிடம் ஏதோ பிரச்சினையாம்' என்ற பேச்சு முன்னால் போய் நிற்கும். பெற்றோர் முந்நூறு மைல் தள்ளி இருக்கிறார்கள். மகள் பெரிய மனிதரிடம் படிக்கிறாள் என்று பெருமை.

மைக்கேல் புரூவர் 1975 முதல் 1994 வரை அந்தப் பள்ளியின் இசை இயக்குநர். நாடறிந்த பாடற்குழு நடத்துநர். தேசிய இளையோர் பாடற்குழுவை நடத்தியவர். ஃபிரான்சஸ் ஆண்ட்ரேட் அங்கே வயலின் படித்த மாணவி. சிறுவயதிலேயே நிறையச் சிரமப்பட்டு வந்த பெண். புரூவர் தம்பதி அவளைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டு தங்க வைத்தார்கள். அன்று பார்த்தவர்களுக்கு அது கருணையாகத்தான் தெரிந்திருக்கும்.

2013 ஜனவரியில், 48 வயதில், ஆண்ட்ரேட் மான்செஸ்டர் கிரவுன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தானாகப் புகார் கொடுக்கப் போனவர் அல்ல அவர். நடந்ததை ஒரு தோழியிடம் சொல்ல, அந்தத் தோழி போலீஸில் சொன்னார். கூண்டில் பொய்க்காரி என்று குறுக்கு விசாரணை நடந்தது. வழக்கு முடியும் முன்பே, ஜனவரி 24 அன்று, தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆண்ட்ரேட்டுக்கு 14, 15 வயதாக இருந்தபோது நடந்த ஐந்து பாலியல் அத்துமீறல்களில் புரூவர் குற்றவாளி. வல்லுறவுக் குற்றச்சாட்டுகளில் விடுதலை. மார்ச்சில் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை. முன்னாள் மனைவிக்கு ஒரு அத்துமீறலுக்காக 21 மாதம்.

எங்கே நடந்தது

விதி எழுதும் வேலையில் இருந்ததால் நான் வழக்குச் செய்திகளைப் படித்த விதமே வேறு. எங்கே நடந்தது என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். பள்ளி அலுவலக அறை. புரூவரின் கேம்பர் வேன், அதாவது உள்ளேயே படுத்துத் தங்கும் வண்டி. அவர் வீடு.

முதலில் எழுதியதைப் பார்த்துச் சற்று நேரம் சும்மா இருந்தேன். அலுவலகம் பள்ளிக்குள்தான் இருக்கிறது. கதவுக்கு வெளியே பிள்ளைகள் நடமாடிக்கொண்டிருந்த இடம். வளாகத்துக்கு வெளியே கற்பிக்கத் தடை என்ற விதி அன்றே இருந்திருந்தாலும் அந்த அறைக்குள் அது போயிருக்காது. அந்த அறைக்குள் யார், எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை என்பதுதான் மூன்று இடங்களுக்கும் பொது.

அதே மாதிரி 1994. அந்த ஆண்டு புரூவர் 17 வயது மாணவி ஒருத்தியுடன் இருந்த உறவு வெளிப்பட்டது. உடல்நலக் காரணம் என்று சொல்லிப் பதவியை விட்டு விலக விட்டார்கள். போலீஸுக்குப் போகவில்லை. மறுவருடம் இசைச் சேவைக்காக ஓ.பி.இ. என்ற அரசு விருது வந்தது, தண்டனைக்குப் பிறகுதான் அது பறிக்கப்பட்டது. இளையோர் பாடற்குழுவையும் அவர் தொடர்ந்து நடத்தினார். பள்ளி நிர்வாகத்தைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 16 வயது நிரம்பிய மாணவியோடு ஆசிரியர் உறவு கொள்வது 1994இல் இங்கே குற்றமே இல்லை. பொறுப்பில் இருக்கும் ஆசிரியருக்கு மாணவரின் 18 வயது வரை அதைக் குற்றமாக்கிய சட்டம் 2000இல்தான் வந்தது. அப்படியும், காரணத்தை மறைத்து ஒருவரை அனுப்பிவைக்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

புரூவர் வழக்கு ஒரு மதகைத் திறந்துவிட்டது. மான்செஸ்டர் போலீஸ் கிசோ என்ற பெயரில் பெரிய விசாரணையைத் தொடங்கியது. பள்ளியும் கல்லூரியும் இரண்டும் அதில் வந்தன. 1970களில் பள்ளியில் இருந்த ஒரு இசைக்குழு நடத்துநர், 15 வயது மாணவியை டெர்பிஷயரில் இருந்த தன் குடிலுக்கு அழைத்துப்போய் அத்துமீறியதை ஒப்புக்கொண்டு 2014இல் எட்டு மாதம் சிறை போனார். இன்னொரு வயலின் ஆசிரியர் விடுமுறை நாட்களில் மாணவிகளை ரெடிங் நகரில் இருந்த தன் வீட்டில் தங்கவைத்துத் தீவிரப் பயிற்சி கொடுத்தவர். பல முன்னாள் மாணவிகள் அவர்மீது புகார் சொன்னார்கள். அமெரிக்காவுக்குக் குடிபோய்விட்டிருந்த அவரை 2015இல் கைது செய்யப் போனபோது தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அதனால் அந்தப் புகார்கள் நீதிமன்றத்துக்கே வரவில்லை.

குடில், பயிற்சி முகாம், வீட்டில் தங்கல். இதில் ஒன்றுகூட ஒளித்துச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெற்றோர் பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நன்றிக் கடிதம்கூட எழுதியிருப்பார்கள்.

கல்லூரிப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. 2002இல் தந்திக் கருவித் துறைக்கு ஒருவரைத் தலைவராக நியமித்தபோது, அவருக்குப் பழைய நாட்களில் மாணவிகளோடு உறவுகள் இருந்ததைச் சொல்லி எதிர்ப்பு எழுந்தது. பியானோ கலைஞர் மார்ட்டின் ராஸ்கோ அதை எதிர்த்துத் தன் பதவியை விட்டே விலகினார். நியமனத்தை மாற்றவில்லை. அந்தத் துறைத் தலைவர் 2013இல்தான் விலகினார். பின்னர் அவர்மீது வந்த வல்லுறவு வழக்கில் 2015இல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. மாணவிகளோடு உறவுகள் இருந்ததை நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டிருந்தார். இந்த வழக்கை நான் குறித்துக்கொண்டதற்குக் காரணம் தீர்ப்பு அல்ல. எதிர்த்துப் பேசியவர்தான் வேலையை விட்டார் என்பது.

ஏன் வெளியே?

பேசாமல் தடை செய்துவிட்டால் என்ன என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். தடை என்று எழுதுவது சுலபம். அடுத்த வாரமே உடையும். சோம்பலோ ஆசையோ மட்டும் இந்த வகுப்புகளை வெளியே கொண்டுபோகவில்லை.

பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நிலை மாணவருக்கு இரண்டு கிராண்ட் பியானோ பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். ஒன்றில் ஆசிரியர், ஒன்றில் மாணவர். பல ஆசிரியர்கள் வீட்டில் அப்படி வைத்திருக்கிறார்கள். கல்லூரியில் அந்த அறைக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஆர்கன் படிப்பவர் தேவாலயத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். யாருமில்லாத கோயிலில், மாடிப்படி ஏறி, வாசலைப் பார்க்க முடியாத ஒரு மேடையில் இரண்டு பேர். கல்லூரிக்காரர்களுக்கு அதைவிடத் தலைவலியான வகுப்பறை இல்லை. அதோடு, நல்ல ஆசிரியர்கள் மேடைக் கலைஞர்கள். மூன்று வாரம் ஜப்பானில் கச்சேரி, திரும்பி வந்ததும் விட்ட வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்து முடித்துக் கொடுப்பார்கள். போட்டிக்கு முந்தைய வாரம் கல்லூரி விடுமுறையாக இருக்கும். மாணவிக்கே இன்னொரு வகுப்பு வேண்டும் என்றிருக்கும்.

கட்டடத்துக்குள் இருந்தால் எல்லாம் சரியா என்றால் அதுவும் இல்லை. என் மகள் சில வருடம் சனிக்கிழமை இளையோர் வகுப்புக்கு ஒரு கல்லூரிக்குப் போய்வந்தாள். பயிற்சி அறைக் கதவு ஒவ்வொன்றிலும் முகமளவுக்கு ஒரு கண்ணாடி. எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்ணாடியின் மேலேயே ஒரு கொக்கி. மழைக்கால நாளில் தாழ்வாரத்தில் நடந்தால் நான்கில் மூன்று கதவில் கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஈரக் கோட்டு தொங்கும். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கோட்டை மாட்ட அறையில் வேறு இடம் இல்லை. கண்ணாடி போட்ட அதிகாரியும் கொக்கி அடித்த தச்சனும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

விதிகள் என்ன கேட்கின்றன

இசைக் கல்லூரிகளின் வெளிவகுப்பு விதிகளைப் படித்தால் திரும்பத் திரும்ப வருவது இவை. வெளியே வகுப்பு வைப்பது விதிவிலக்காக இருக்க வேண்டும், வழக்கமாகிவிடக் கூடாது. துறைத் தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி. எந்த நாள், எந்த முகவரி, எத்தனை மணிக்கு. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம், பெரும்பாலும் பெற்றோரோ இன்னொரு பெரியவரோ கூட இருப்பது. கற்பிக்கும் அறை படுக்கையறையாக இருக்கக் கூடாது. தங்கல் கிடையாது, மது கிடையாது, காரில் தனியாகக் கொண்டுவிடுவது கிடையாது. செய்தி அனுப்புவது கல்லூரி மின்னஞ்சல் வழியாக மட்டும். கடைசியில் எங்கோ ஒரு வரி: மாணவர் வெளியே வர விரும்பாவிட்டால் அதனால் அவருக்கு எந்தக் குறையும் வராது.

இவற்றில் அனுமதிப் படிவம்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. என் கணக்கில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. செப்டம்பரில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் ஜூன் வரை ஓடும். படிவம் வீட்டு முகவரிக்கு ஒரு மரியாதையைக் கொடுத்துவிடுகிறது என்றுகூடச் சொல்வேன். கல்லூரியே ஒப்புக்கொண்ட இடம் ஆயிற்றே. வேலை செய்வது இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு வகுப்புக்கும், இந்த நேரத்தில் இந்தப் பிள்ளை இந்த இடத்தில் இருக்கிறது என்று மூன்றாவது ஒருவருக்குத் தெரிவது. இன்னொன்று, கடைசியில் யாரும் படிக்காத அந்த வரி.

அந்த வரியைக் கல்லூரிகள் எழுதியிருக்கும் விதத்தில் ஓர் ஓட்டை. 'மாணவர் மறுக்கலாம்' என்கிறார்கள். யாரிடம் மறுப்பது? அதே ஆசிரியரிடம். நான்கு வருடம் ஒரே ஆசிரியர், அவரிடமே சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டிய பெண், 'ஐயா, உங்கள் வீட்டுக்கு வர எனக்கு விருப்பமில்லை' என்று சொல்வாளா? மறுப்பு ஆசிரியர் காதுக்குப் போகாமல் வேறொரு மேசைக்குப் போக வேண்டும். ஆசிரியரை மாற்றிக்கொள்ளவும் காரணம் சொல்லாமல் ஒரு வழி வேண்டும். இது இல்லாத வெளிவகுப்பு விதி முகவரிப் பதிவேடு மட்டுமே.

சிறார் பாலியல் கொடுமை பற்றி இங்கே நடந்த அரசு விசாரணை ஆணையம், 2022 மார்ச்சில் விடுதிப் பள்ளிகள் குறித்துத் தன் அறிக்கையை வெளியிட்டது. சீட்டம்ஸ் உட்பட நான்கு சிறப்பு இசைப்பள்ளிகளை அது தனியாக எடுத்துப் பார்த்தது. பெரும் புகழ்பெற்ற இசை ஆசிரியர்களின் அதிகாரமும் செல்வாக்கும் சில பிள்ளைகளை மேலும் பலவீனமாக்கின என்றது. ஆசிரியரின் பெயரும் பள்ளியின் பெயரும் பாதிக்கப்பட்டவர்களைவிட முக்கியமாகப் போயின என்றது. வகுப்பு நடந்த இடத்தைவிட அங்கே நிலவிய உறவைத்தான் அந்த அறிக்கை சுட்டுகிறது என்று நான் படிக்கிறேன்.

தொடுவது பற்றியும் ஒரு பழைய சண்டை உண்டு. 2010இல் இசைக்கலைஞர் சங்கம், மாணவரைத் தொடாமல் கற்பிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு ஒரு காணொளி வெளியிட்டது. அன்றைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் அதைக் கண்டித்தார். வில் பிடிக்கும் கட்டைவிரலை மடக்கிக் காட்ட ஒரு நொடி போதும்; வாயால் சொன்னால் ஒரு மாதம். எங்கள் விதியில் 'முதலில் கேள், பிறகு விரலைத் தொடு' என்று ஒரு வரியோடு விட்டுவிட்டேன்.

சட்டம் விட்ட இடம்

இதைப் படிக்கும் லண்டன், லெஸ்டர், பர்மிங்காம் பெற்றோர் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

இங்கிலாந்தில் சம்மத வயது 16. ஆனால் 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டப்படி, பள்ளி ஆசிரியர் போன்ற 'நம்பிக்கைப் பொறுப்பில்' இருப்பவருக்குத் தன் பராமரிப்பில் உள்ள 18 வயதுக்குக் குறைந்தவரோடு எந்தப் பாலியல் தொடர்பும் குற்றம். கல்வி நிறுவனத்தில் படிக்கும் பிள்ளை, அதே நிறுவனத்தில் பொறுப்பில் இருப்பவர் என்ற இணைப்பு அதற்கு வேண்டும். நிறுவனமே இல்லாமல் வீட்டில் தனியாகக் கற்பிப்பவர் அதில் வரமாட்டார். 2022இல் சட்டத்தை விரித்தார்கள். விளையாட்டிலோ மதத்திலோ ஒருவருக்குத் தொடர்ந்து பயிற்சியோ போதனையோ தருபவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இசை சேர்க்கப்படவில்லை.

நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு எடுப்பவர் சட்டத்துக்கு உள்ளே வந்துவிட்டார் என்றே நான் வாசிக்கிறேன். அதே பிள்ளைக்கு அதே மாலையில் தன் வீட்டில் கீர்த்தனை சொல்லித்தருபவர் வெளியே நிற்கிறார். பரதம் இன்னும் வேடிக்கை. போட்டிக்காகவோ காட்சிக்காகவோ செய்யப்படும் உடற்பயிற்சி வகைகளும் அந்தச் சட்டத்தின் 'விளையாட்டு' வரையறையில் வருவதால், நடன ஆசிரியர் உள்ளே என்று ஒரு வக்கீல் வாதாடிப் பார்க்கலாம். வீணைக்கு அந்த வாதமும் கிடையாது. டிபிஎஸ் சான்றும் அப்படித்தான்: அந்த முழுமையான குற்றப் பின்னணிச் சோதனையை ஒரு நிறுவனம் கேட்டால்தான் எடுக்க முடியும், தனியாகக் கற்பிப்பவர் தனக்குத் தானே விண்ணப்பிக்க முடியாது என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. வீட்டு ஆசிரியரிடம் சான்று இல்லை என்று குறைசொன்ன பெற்றோருக்குப் பாதி விஷயம் தெரியாது.

18 வயதைத் தாண்டிய கல்லூரி மாணவர்களுக்குச் சிறார் சட்டம் ஒன்றும் செய்யாது. அங்கே புதிதாக வந்திருப்பது உயர்கல்விக் கண்காணிப்பு அமைப்பின் நிபந்தனை. 2025 ஆகஸ்ட் 1 முதல் இங்கிலாந்தின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும், ஊழியர் மாணவர் உறவுகளால் வரும் அதிகாரத் துஷ்பிரயோகத்தைத் தடுக்க உண்மையிலேயே பயன்படும் நடவடிக்கை எடுத்துக் காட்ட வேண்டும். உறவையே தடை செய்வது அதற்கு ஒரு வழி. புகார் சொன்னவரின் வாயைக் கட்டும் ஒப்பந்தங்களுக்கும் இடமில்லை. 2002 மான்செஸ்டரில் இது இருந்திருந்தால் ராஸ்கோ வேலையை விட்டிருக்க வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன்.

2020 ஊரடங்கு இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தது. எல்லா வகுப்பும் ஒரே வாரத்தில் வளாகத்துக்கு வெளியே போய்விட்டன. ஆசிரியர் வீட்டுக்குப் பிள்ளை போவதற்குப் பதிலாக பிள்ளையின் படுக்கையறைக்குள் ஆசிரியர் வந்தார். மடிக்கணினியைக் கூடத்தில் வை என்ற ஒரே விதியோடு எல்லோரும் சமாளித்தோம். அது இன்றும் போதும் என்று நினைக்கிறேன்.

ஏழாவது விதி

எங்கள் பள்ளிக்கு நான் எழுதியது ஒரு பக்கம். வீட்டில் கற்பிக்கலாம், அனுமதிப் படிவம் இல்லை. அதற்குப் பதில் ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளை வந்ததும் போனதும் பெற்றோருக்கும் எனக்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தி. 18 வயதுக்குக் கீழ் என்றால் வீட்டில் இன்னொரு பெரியவர். முன்னறை, கதவு திறந்து. இரவு எட்டரைக்கு மேல் வகுப்பு இல்லை. ஏழாவது விதி: ஆசிரியரை மாற்ற விரும்பும் பிள்ளை என்னிடம் சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, பரீட்சைப் பதிவும் அரங்கேற்ற ஏற்பாடும் அதனால் பாதிக்காது.

எங்கள் மூத்த வயலின் ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அவர் ரீச்சர். தாளை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டி முழுவதும் படித்தார்.

"தம்பி, இருபத்தாறு வருசமா இந்த முன்னறையிலதான் படிப்பிக்கிறன். என்னில ஆருக்கும் சந்தேகம் வந்ததோ?"

"உங்க மேல யாருக்கும் இல்லைங்க ரீச்சர். நாளைக்கு வேற யாராவது வருவாங்க இல்ல, அவங்களுக்கும் சேர்த்துத்தான்."

"கதவைத் திறந்து வையெண்டு எழுதியிருக்கு. ஒரு பிள்ளை அண்டைக்கு சோதினையில தவறிட்டுதெண்டு வந்து அழுதவள். நான் கதவைச் சாத்திப்போட்டுத்தான் கதைச்சனான். எல்லாற்ற முன்னாலயும் அவளை அழ விடச் சொல்லுறீங்களோ?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் கிடையாது. கதவை ஒருக்களித்து வையுங்கள் என்று சமாதானம் சொன்னேன். ஒருக்களித்த கதவு யாருக்கும் உதவாது என்று அவருக்கும் தெரியும்.

வாட்ஸ்அப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எட்டரை மணிக்குத் தலையை ஆட்டினார். விரல் ஏழாவதில் போய் நின்றது.

"காரணம் சொல்லாமல் போகலாமோ? பத்து வருசம் படிப்பிச்ச பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல்?"

மற்ற ஆசிரியர்களும் அதே இடத்தில்தான் நின்றார்கள். மிருதங்க வாத்தியார் அதை எடுத்துவிட்டால் மற்ற ஆறுக்கும் உடனே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். குழுக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் அந்த ஒரு வரிக்கே போயிற்று. கடைசியில் ஐந்துக்கு நாலு என்று நின்றது. ரீச்சர் கையெழுத்துப் போட்டார், தேதியை எழுதாமல்.

அதிலிருந்து ஒழுங்காகச் செய்தி வருகிறது. 'பிள்ளை வந்திட்டா.' 'பிள்ளை போட்டா.' அதற்குமேல் ஒரு சொல் இருக்காது. மாலையில் அடுப்படியில் நிற்கும்போது போன் ஒருமுறை அதிரும், பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். ஏப்ரலிலிருந்து யாரும் ஏழாவது விதியைக் கேட்டு வரவில்லை. அது நல்ல செய்தியா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை வந்த செய்திகள்: 6.02க்கு வந்திட்டா, 9.47க்குப் போட்டா. பிள்ளைக்கு வயது 16, அரங்கேற்றத்துக்கு இன்னும் பதினாறு நாள். பெற்றோரும் அதே செய்தியைப் பார்த்திருப்பார்கள், ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ரீச்சரைக் கூப்பிட வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.